கீழறையில் ஒரு குடும்பத்தை வைக்கலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்தில் கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அப்பா கட்டும்போதே வலை, ஐஸ் பெட்டி போட்டுவைக்க 4 அடி தரைக்குக் கீழேயும் 4 அடி மேலேயுமாக ஒரு அறை இறக்கியிருந்தார். தொழிலை விட்டுவிட்டோம், அறை சும்மா கிடக்கிறது. டைல்ஸ் ஒட்டி, அடுப்படியும் கக்கூஸும் கட்ட 6 லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். மாதம் 5,000 வாடகை வரும். மனைவி நகையை அடகு வைக்கலாம் என்கிறாள், அம்மா கூடவே கூடாது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மண்டபம் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சொல்வதைக் கேளுங்கள். அந்த அறையில் ஆட்களைக் குடிவைக்க வேண்டாம்.

நம் பக்கம் பேஸ்மட்டம் என்றால் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் கட்டு. உங்கள் அப்பாவைப் போலக் கீழே இறக்கிக் கட்டுவது இந்த மண்ணில் அபூர்வம். தனுஷ்கோடியில் மணலைக் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மிதந்து நிற்கிறது, ஐப்பசி கார்த்திகையில் அந்த மட்டம் இன்னும் ஏறும். படி வழியாக இறங்கும் தண்ணீரை வாசலில் ஒரு தடுப்புக் கட்டி நிறுத்திவிடலாம். அடியிலிருந்து முட்டி வருவதை என்ன செய்வீர்கள்? தரைக்கடியில் காலியாகக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியையே (சம்ப்) மழைக்காலத்தில் மண்ணை விட்டுக் கிளப்பிவிடுகிற தண்ணீர் அது.

கல்யாணமான புதிதில் ராமநாதபுரத்தில், தெருவைவிட 2 அடி தாழ்ந்த ஒரு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலையில் பாயைச் சுருட்டினால் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கிறது, லைட்டைப் போட்டுப் பார்த்தால் டைல்ஸ் இடுக்கெல்லாம் முத்துமுத்தாகத் தண்ணீர். துடைத்தேன், பிழிந்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிரும். கைப்பிள்ளைக்கு அந்த வருஷம் முழுக்க இளைப்பு. மாடியில் இருந்த வீட்டுக்காரர் வெள்ளையடித்துக் கொடுத்தார், ஒரே மாதத்தில் அதையும் தள்ளிக்கொண்டு உப்பு வந்தது. அதே உப்பு உள்ளே இருக்கும் கம்பியையும் விடாது. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளந்துவிடும். டைல்ஸ் ஒட்டி மூடினால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 20-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறத்தாழ பாதி. அதே வருஷம் ஜூலை 27-ஆம் தேதி டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் மழைத் தண்ணீர் புகுந்து, அங்கே இருந்த 3 மாணவர்கள் இறந்துபோனார்கள். சாமான் வைக்க அனுமதி வாங்கிய இடத்தில் நூலகம் நடத்தியிருந்தார்கள். உங்கள் அறையும் வலை போட்டுவைக்கக் கட்டியதுதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால், தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏற எத்தனை படி இருக்கிறது?

கக்கூஸ் இன்னொரு தலைவலி. கழிவைக் கீழேயிருந்து மேலே தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும், புயல் நாளில் கரண்ட் இருக்காது.

கணக்கும் ஒத்துவரவில்லை. மாதம் 5,000 என்றால் வருஷத்துக்கு 60,000. ஒரு மாதம்கூட அறை காலியாகாமல் இருந்தாலே போட்ட முதல் திரும்ப 10 வருஷம், நகைக்கடன் வட்டி தனி. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்ற சட்டம் 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. குடியிருக்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது?

அறையை வலை, கயிறு, மிதப்பு வைக்கத் தொழில் செய்கிறவர்களுக்கே விடுங்கள். வாடகை கம்மிதான், ஆனால் நகை வீட்டில் இருக்கும். பிறகு கையில் பணம் சேர்ந்தால், அடியில் உள்ள தூண்களை ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு மாடியில் ஓர் அறை எடுங்கள், காற்றோட்டமான இடமென்றால் குடும்பத்தோடு வருவார்கள்.

மனைவிக்கு இதெல்லாம் வாயால் சொன்னால் புரியாது என்று நினைத்தால், அடகுக்கடைக்குப் போவதைக் கார்த்திகை வரை தள்ளிப்போடுங்கள். நல்ல மழை விட்ட மறுநாள் வீட்டுக் கிணற்றிலோ பக்கத்து வீட்டுக் கிணற்றிலோ கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று இரண்டு பேருமாக அளந்து பாருங்கள். எத்தனை அடி என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா