அஸ்தமனம் எந்தப் பக்கம்?

மழை முடிந்து குளிர் தொடங்கினால் மும்பையில் படகு விருந்து விளம்பரங்களும் தொடங்கிவிடும். சூரிய அஸ்தமனம், பஃபே, மேடையில் பாட்டு, அதோடு 'கடற்கொள்ளையர் இரவு', 'ரெட்ரோ இரவு' என்று ஏதாவது ஒரு வேஷம். ஏறி இறங்கியவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. சுருக்கித் தந்திருக்கிறேன். ஆறு பக்கம் எழுதிய முலுண்ட்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செம்பூர் வாசகி: திருமண நாளுக்காக 'சன்செட் டின்னர் குரூஸ்' டிக்கெட் எடுத்தோம், ஆளுக்கு 2,400 ரூபாய். டிசம்பர் மாதம், சனிக்கிழமை. ஐந்தரைக்கே கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வரச் சொன்னார்கள், போய்விட்டோம். வரிசையில் நிறுத்தி, கையில் பட்டை கட்டி, தலையில் கடற்கொள்ளையர் தொப்பி மாட்டி, படகு கிளம்பும்போது மணி ஆறே முக்கால். நல்ல இருட்டு. கேட்டால், "சூரியன் எங்கள் கையில் இல்லை மேடம்" என்கிறார்கள். புகார் செய்ய இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. சூரியன் அவர்கள் கையில் இல்லைதான். நேர அட்டவணை அவர்கள் கையில்தானே இருந்தது?

இந்த 'சன்செட்' விஷயத்தில் எனக்குப் பல வருடக் கடுப்பு, கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். மும்பையில் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணியை ஒட்டி விழுந்துவிடும். மே கடைசியில் ஏழு மணியைத் தாண்டும். விழுந்த அரை மணிக்குள் வானம் கறுத்துவிடும். பஞ்சாங்கம் பார்க்கிற எந்தப் பாட்டியும் இதைச் சொல்லிவிடுவாள். ஆனால் படகுக்காரர்கள் வருடம் முழுக்க ஒரே நேரத்தை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, டிக்கெட்டில் இருப்பது நாம் போய் நிற்க வேண்டிய நேரம். படகு கயிறு அவிழ்க்கும் நேரம் எங்கேயும் இருக்காது. 'மூன்று மணி நேரப் பயணம்' என்பதில் ஒரு மணி நேரம் துறையில் நின்றபடியே போய்விடும்.

அடுத்தது திசை. கேட்வே ஆஃப் இந்தியா இருப்பது மும்பையின் கிழக்குக் கரையில். எதிரே தெரிகிற தண்ணீர் துறைமுகம், அதற்கு அந்தப் பக்கம் எலிஃபண்டா, உரண். சூரியன் விழுவது நம் முதுகுக்குப் பின்னால், மரைன் டிரைவ் பக்கம். கேட்வேயில் ஏறினால் கடலுக்குள் இறங்கும் சூரியனைப் பார்க்க முடியாது. கொலாபா கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் சூரியனைத்தான் பார்க்கலாம். தாஜ் ஹோட்டல் கோபுரத்துக்குப் பின்னால் வானம் சிவப்பது அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே ஒரு ஆரஞ்சு உருண்டை, அது வேறு எந்தக் கடலிலோ எடுத்த படம்.

இனி உங்கள் விஷயம். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், டிக்கெட், படகு கிளம்பியபோது எடுத்த ஒரு போட்டோ (போனிலேயே நேரம் பதிவாகியிருக்கும்), இவை மூன்றையும் எடுத்து வையுங்கள். "சன்செட் என்று விற்றீர்கள், அஸ்தமனம் முடிந்த பிறகு கிளம்பினீர்கள், இத்தனை ரூபாய் திருப்பித் தாருங்கள், பதினைந்து நாள் அவகாசம்" என்று ஈமெயில் அனுப்புங்கள். நாலு வரி போதும், 'மன உளைச்சல்' என்று ஒரு பாரா வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்ததால் முழுப் பணமும் கிடைக்காது, ஒரு பங்கு கேளுங்கள்.

அந்தேரி வாசகர்: அக்டோபர் 2 அன்று 'அன்லிமிடெட் டிரிங்க்ஸ்' பேக்கேஜ் எடுத்தேன். ஏறிய பிறகு டிரை டே, மது விற்கக் கூடாத நாள் என்று சொல்லி லெமன் சோடா கொடுத்தார்கள். இது மோசடி இல்லையா?

அன்று காந்தி ஜெயந்தி என்று உங்களுக்குத் தெரியாதா? பணத்தை வாங்கும்போது அவர்களும் சொல்லியிருக்க வேண்டும், அந்த வித்தியாசத் தொகையைக் கேளுங்கள். வேறு அனுதாபம் என்னிடம் இல்லை.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாம் என்று வாட்ஸாப்பில் வந்த எண்ணுக்கு 4,500 ரூபாய் அனுப்பினேன். அங்கே போனால் அப்படி ஒரு படகே இல்லை. போன் செய்தேன். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு க்யூஆர் அனுப்பினார்கள். ஸ்கேன் செய்து ரகசிய பின் நம்பரைப் போட்டேன், இன்னும் 4,500 போய்விட்டது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது அண்ணா.

முதலில் வீட்டில் சொல்லிவிடு தம்பி. வெட்கப்பட வேண்டியவன் நீ இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெற்றவர்களைக் கடலைப் பார்க்கக் கூட்டிப்போக நினைத்தாய். அதைத் திருடியவன் எங்கோ சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் படித்து முடிப்பதற்குள் 1930க்கு போன் செய். சைபர் மோசடிக்கான எண் அது. முதல் சில மணி நேரத்தில் சொன்னால், போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாள் ஆகியிருந்தாலும் புகார் பதிவு செய், பரிவர்த்தனை எண்கள் இரண்டையும் கொடு. வங்கிக்கும் எழுத்தில் சொல். அப்புறம், யுபிஐயில் பணம் நமக்கு வர பின் நம்பர் போடத் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டாலே பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

முலுண்ட் வாசகர்: 'லைவ் பேண்ட்' என்று போட்டிருந்தார்கள். வந்தது ஒரே ஒரு ஆள், ஒரு கீபோர்டு. அதுவும் அவர் வாசித்த மாதிரி தெரியவில்லை. 'ரெட்ரோ இரவு' என்பதற்காக என் மனைவி பழைய புள்ளிப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

உங்கள் ஆறு பக்கத்தில் அந்தப் புள்ளிப் புடவைதான் மனதில் நின்றது. நானும் இதே குழியில் விழுந்தவன். சில வருடங்களுக்கு முன் திருச்சியிலிருந்து மைத்துனன் குடும்பம் வந்திருந்தது. பெருமைக்காக ஒரு படகு விருந்துக்குக் கூட்டிப் போனேன். 'ஜன்னலோர மேஜை' என்று 500 ரூபாய் தனியாக வேறு கட்டினேன். ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். மைத்துனன் மனைவி ஒரு கையால் முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு மறு கையால் சூப் குடித்தார். மேடையில் ஒருவர் கண்ணை மூடி உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. பலமான தும்மல், இரண்டு தடவை. பாட்டு நிற்கவே இல்லை, சுதி கூடப் பிசகவில்லை. என் மகன்தான் முதலில் கை தட்டினான்.

அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நீங்களாவது கேளுங்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பது சட்டப்படியே நியாயமற்ற வணிகமுறை. அரை நிமிட வீடியோ இருந்தால் வேலை சுலபம். இனி பதிவு செய்கிறவர்கள், 'எத்தனை பேர் வாசிப்பார்கள், எத்தனை மணி நேரம்' என்று வாட்ஸாப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் எழுதச் சொன்னால் மட்டும் காணாமல் போவார்.

டோம்பிவிலி வாசகி: விளம்பரத்தில் 1,499. பணம் கட்டும் பக்கத்தில் பிளாட்ஃபார்ம் கட்டணம், படகுத்துறைக் கட்டணம், கடலைச் சுத்தம் செய்ய 25 ரூபாய் நன்கொடை என்று ஏறிக்கொண்டே போனது. நன்கொடைக் கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். படகில் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் வேறு.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் கட்டிய வாசகி நீங்கள், உங்கள் கடிதத்துக்காகவே இந்த வாரம் எழுதலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் விற்பவர்களின் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. விலையைத் துளித்துளியாக ஏற்றுவது அதில் ஒன்று. கேட்காததைக் கூடையில் போட்டுவிடுவது இன்னொன்று. உங்கள் படகுக்காரர் இரண்டையும் செய்திருக்கிறார்.

சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லோடு 1915. ஜிஎஸ்டி மட்டும் கட்டத்தான் வேண்டும், அதோடு சண்டை போடாதீர்கள்.

சயான் வாசகர்: படகில் ஒரு பாட்டில் தண்ணீர் 100 ரூபாய். எம்ஆர்பி 20. வழக்குப் போடலாமா?

உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள்.

மாட்டுங்கா மாமி: சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போனோம். சுத்த சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். பஃபேயில் பனீருக்கும் சிக்கனுக்கும் ஒரே கரண்டி. சம்பந்தியம்மா வெறும் குலோப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு இறங்கினார். பெண்ணைக் கொடுத்த இடம், தலைகுனிவாகப் போய்விட்டது.

மாமி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுதிக் கொடுத்திருந்தேன் என்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் உங்கள் பலம். அதைச் சேர்த்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். சாப்பிடாதவர்களின் பணத்தை முழுதாகக் கேளுங்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அது கட்டாயம். இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு புகார். இல்லாவிட்டால் அதுவே தனிப் புகார். சம்பந்தியம்மாவை ஒரு நாள் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் இலை போட்டுச் சாப்பிட அழைத்துப் போங்கள், சரியாகிவிடும்.

வாஷி வாசகர்: ஐம்பது சதவீதத் தள்ளுபடி என்பதால் மே மாதமே ஜூலை 12க்கு நான்கு டிக்கெட் வாங்கினேன். இப்போது மழையால் ரத்து, பணம் தர மாட்டோம், கூப்பன்தான் என்கிறார்கள்.

ஜூலை மழையில் கேட்வே படகை நம்ப முடியாது என்பது மும்பையில் ஒரு மழை பார்த்தவருக்கும் தெரியும். தெரிந்தே விற்றவர் மேல் தப்பு, தள்ளுபடி என்றதும் நாட்காட்டியை மறந்தவர் மேலும் கொஞ்சம் தப்பு. கூப்பனை ஏற்றுக்கொண்டதாக எதற்கும் 'ஓகே' தட்டாதீர்கள். சேவையே தரவில்லை என்றால் பணம்தான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் பதிவு செய்யலாம்.

கோலிவாடா வாசகி: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. படகு விருந்து பார்க்க ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

சாப்பாடு, பாட்டெல்லாம் அப்புறம். முதலில் ஏறும் இடத்தைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்வேயில் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அதிகப் படிகள் இறங்க வேண்டும். கீழ்ப்படிகள் பாசி பிடித்து வழுக்கும். சில நேரம் ஒரு படகைத் தாண்டித்தான் அடுத்த படகில் கால் வைக்க வேண்டியிருக்கும், இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும். மிதவைத் துறையிலிருந்து நேராக ஏற்றும் படகு கிடைத்தால் அதையே எடுங்கள்.

2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா போய்க்கொண்டிருந்த பயணிகள் படகில் கடற்படையின் விரைவுப்படகு மோதி, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் லைஃப் ஜாக்கெட்டைக் கண்டிப்பாக்கினார்கள். பண்டலாகக் கட்டி மூலையில் போட்டிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மாட்டி, வார் இறுகுகிறதா என்று பார்த்த பிறகு உட்காருங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள், தலையை எண்ணுங்கள். அதிகமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். போகிற பணம் போகட்டும்.

காட்கோபர் வாசகர்: இவ்வளவு திட்டுகிறீர்களே, நீங்கள் இனி படகு பக்கமே போக மாட்டீர்களா?

போன டிசம்பரில்கூடப் போனேன். எலிஃபண்டாவுக்குப் போகும் சாதாரணப் படகு. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வாக்கில் திரும்பும் கடைசிப் படகில் மேல்தளத்துக்குச் சில்லறை கேட்பார்கள், கொடுத்துவிட்டு முன்பக்கம் உட்காருங்கள். படகு மேற்கே பார்த்து ஒரு மணி நேரம் வரும், சூரியன் நேர் எதிரே விழும். பாட்டு கிடையாது. இருந்தவர்களில் ஒருவர் போனில் பங்குச் சந்தைச் செய்தி சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் ரசம் சூடாக இருந்தது.