தார் மணலில் அந்தி வெளிச்சம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர்காலம் நெருங்கினாலே ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சால்மர் பயணத்தைப் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அவற்றில் அந்திப் படங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் கடைசியில் போகிறோம். ஜெய்சால்மர் பக்கத்துச் சாம் மணல்மேடுகளுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

நாலரைக்கு மணலில் கால் வைத்துவிடுங்கள். அந்த நாட்களில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஆறு மணி ஆகிவிடும். நாடு முழுக்க ஒரே கடிகாரம்தான் என்றாலும் ஜெய்சால்மர் மேற்குக் கோடியில் இருக்கிறது. உச்சிப்பொழுதே அங்கே முக்கால் மணி நேரம் தாமதம். ஜூனில் போனால் 7.40 வரைக்கும் வெயில் இருக்கும்.

ஆறு மணிக்கு மறைகிற சூரியனுக்கு நாலரைக்கே எதற்கு என்று கேட்பீர்கள். மணலுக்காகத்தான். உச்சி வெயிலில் மணல்மேடு வெளுத்துப்போய்த் தட்டையாகக் கிடக்கும். மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது எதன் நிழலும் அதன் உயரத்தைப் போல ஐந்தரை மடங்கு நீளும். 5 பாகைக்கு இறங்கினால் பதினோரு மடங்கு. காற்று மணலில் போட்ட வரியின் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அதன் நிழல் அரைச் சாண் நீளத்துக்கு விழும். மேடு முழுக்க வரிவரியாக எழுந்து நிற்கும். சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு இதை எடுங்கள். என்னைக் கேட்டால், அன்றைய நாளின் மிகச் சிறந்த படம் இந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

அப்புறம், காலடித் தடங்கள். ஐந்து மணிக்குள் ஜீப்பும் ஒட்டகமும் கூட்டமும் சேர்ந்து சாலையோர மேடுகளை உழுதுவிடும். சாலையை விட்டு இருபது நிமிடம் நடந்து போங்கள். எந்தப் பக்கத்தை எடுக்கப் போகிறீர்களோ அதில் நீங்களே நடந்துவிடாதீர்கள். பின்பக்கமாகச் சுற்றி ஏறுங்கள். கூட்டமே வேண்டாம் என்றால் ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே இருக்கும் குரி கிராமத்து மேடுகள் அமைதியானவை.

ஒட்டகத்துக்குப் பின்னால் பெரிய சிவப்புச் சூரியன் நிற்பதுபோல எடுக்க ஆசை. என் படத்தில் சூரியன் குண்டூசித் தலை அளவுக்குத்தான் வருகிறது.

வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகைதான். லென்ஸின் குவியத் தூரத்தை (அதன்மேல் மி.மீ. என்று போட்டிருக்கும் எண்) 110ஆல் வகுத்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் சூரியன் விழும் அளவு கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸில் கால் மில்லிமீட்டர்கூட வராது, 400 மி.மீ. லென்ஸில் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

லென்ஸ் மட்டும் போதாது, நீங்களும் பின்னால் போக வேண்டும். நூறு மீட்டர் தூரத்தில் சூரியவட்டம் மறைக்கும் உயரம் ஒரு மீட்டருக்குக் குறைவு. முந்நூறு மீட்டரில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். ஆள் ஏறிய ஒட்டகத்தின் உயரமும் சுமாராக அவ்வளவுதான். ஆகவே முந்நூறு மீட்டர் தள்ளி நின்றால் ஒட்டகமும் ஆளும் சூரியனின் உயரத்துக்குச் சரியாக நிற்பார்கள். நீங்கள் தாழ்வான இடத்தில் உட்காருங்கள். ஒட்டகத்தின் நாலு காலுக்கும் நடுவே வானம் தெரிய வேண்டும். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கருப்புக் கட்டியாகத்தான் தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள். இவ்வளவு பெரிய லென்ஸ் வழியாகச் சூரியனைக் கண்ணாடி வியூஃபைண்டரில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். கேமராவின் திரையைப் பார்த்து எடுங்கள். அதுவும் சூரியன் நன்றாகச் சிவந்து மங்கிய பிறகுதான்.

கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று தெரிந்த வானம் படத்தில் வெளிறிப்போய் வருகிறதே?

வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். கேமரா அந்தச் சிவப்பைத் தவறு என்று எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கும். ‘டேலைட்’டில் வையுங்கள். படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவான எக்ஸ்போஷரையும் ஒரு படி குறையுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாக. லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவீடு மாறாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். சூரியனை ஜூம் செய்ய முயற்சி வேண்டாம். மணல் வரிகளுக்கும் நிழல்களுக்கும் போன் அருமையான கருவி.

ஒட்டகக்காரர்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். நில்லுங்கள், திரும்புங்கள் என்று அவரை நடக்க வைத்தால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அது அவருடைய பிழைப்பு நேரம்.

மணலில் இருந்து கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

லென்ஸை அறையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், மேட்டில் வைத்து மாற்றாதீர்கள். முதல் பயணத்தில் நான் மாற்றினேன். காற்றே இல்லாத மாதிரிதான் இருந்தது. அன்று இரவு ஜூம் வளையத்தைத் திருப்பினால் கறகறவென்று ஒரு சத்தம். மறுநாள் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி. மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. துணியால் துடைத்தால் கீறிவிடும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியில்தான் துணி.

போன வருஷம் போனோம். மேகமே இல்லை, ஒரே தூசி. சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே மங்கிக் காணாமல் போய்விட்டது. அவ்வளவு தூரம் போனது வீண்தானா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. பருமனான தூசி எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடித்து வானத்தைக் கலங்கலாக்கிவிடும். அந்த மாதிரி நாளில் சூரியனை விட்டுவிட்டு மணலைப் பாருங்கள். நிழல்கள் மென்மையாகி, மேட்டுக்குப் பின்னால் மேடாக அடுக்கடுக்காகத் தெரியும்.

காற்று தெளிவாக இருக்கும் நாளில் வேறொன்று செய்யுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஜீப்புக்கு ஓடுவார்கள். நீங்கள் அப்படியே கிழக்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பலாக ஒரு பட்டை மெல்ல எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டும் கரைந்துவிடும். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே அரை மணி நேரம் கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்த பயணத்துக்குப் பௌர்ணமிக்கு முதல் நாளாகப் பார்த்துத் தேதி போடுங்கள். மணலில் வெயில் இருக்கும்போதே கிழக்கே நிலா ஏறியிருக்கும்.