பின்பாரம் ஏறிய வண்டி

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி போர்ஷே கார் ஓட்டி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவனுக்கு அந்தக் கார் பைத்தியம். மேசைக்கு மேலே படம், நோட்டு அட்டையில் படம். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு எஞ்சின் சத்தம் கேட்கிறான். என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் ஆத்திரத்தில், "ரெண்டு கோடி ரூபாய் காரைப் பாத்துக்கிட்டே இருந்தா மார்க் வருமா?" என்று சுவரில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டார். மூன்று வாரமாக அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆட்டோமொபைல்தான் படிப்பேன், ஜெர்மனிக்குப் போவேன் என்கிறான். அந்தக் காரில் அப்படி என்னதான் இருக்கிறது? அவனிடம் நான் என்ன பேசுவது?
பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் மகன் வயதில் நானும் இந்தக் காரிடம் மனதைக் கொடுத்தவன். அதனால் அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்பாரம் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் பாரம் பின்னால் கூடிவிட்டால் முன்பக்கம் லேசாகும், வளைவில் பின்பக்கம் வெளியே இழுக்கும். அப்படிப் பாரம் ஏற்றுகிறவரை உங்கள் கணவர் திட்டுவார். உங்கள் மகன் சுவரில் ஒட்டி வைத்திருந்தது அநேகமாக போர்ஷே 911. அந்தக் காரே பின்பாரம்தான். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, நம் ஊர் ஆட்டோவில் இருப்பதைப் போல. உலகத்தில் மற்ற கார்க்காரர்கள் பெரும்பாலும் எஞ்சினை முன்னாலோ நடுவிலோ வைக்க, இவர்கள் மட்டும் அறுபது வருடத்துக்கு மேலாக அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு நன்மை உண்டு. காலி லாரி சேற்றில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நிற்கும், லோடு ஏற்றிய லாரி பிடித்து ஏறிவிடும். 911-லும் எஞ்சின் எடை முழுக்க வண்டியைத் தள்ளும் பின்சக்கரத்தின் மேல் உட்காருவதால், வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ரோட்டைக் கவ்விக்கொண்டு பாயும். கெடுதலும் அங்கேதான் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை சட்டென்று முன்னால் சாயும், பின்சக்கரம் பிடியை விடும், வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஆரம்ப காலத்து 911 அப்படிப் பலரைச் சுற்றிவிட்டிருக்கிறது.

அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு மயக்கம். முதலில் முன் பம்பரின் இரண்டு மூலையிலும் பதினோரு கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தார்கள். அது ஒட்டுப்போடுகிற வேலைதான். அப்புறம் 1969 மாடலுக்குப் பின்சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். உங்கள் நான்கு விரல் அகலம்கூட வராது, ஆனால் வண்டியின் குணமே மாறியது. ஒற்றை பேட்டரிக்குப் பதில் இரண்டு சின்ன பேட்டரிகளை முன்பக்க மூலைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தார்கள். பிறகு பின் டயரை அகலமாக்கினார்கள், சஸ்பென்ஷனை மாற்றினார்கள். இன்றுவரை அந்த ஒரே குறையைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள், எஞ்சினை மட்டும் இடம் மாற்றவில்லை.

அது ஏன் பின்னால் போனது? அதற்கு அந்தக் குடும்பத்தின் கதையைத் தொட வேண்டும். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1875-ல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். 1900-லேயே பாரிஸ் கண்காட்சியில் சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த மின்சாரக் காரைக் காட்டிய கெட்டிக்காரர். 1931-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாக ஒரு வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார். ஹிட்லர் அரசு கேட்டபடி சாதாரண மக்களுக்கான மலிவு விலைக் காரை வடிவமைத்தார். பின்னால் எஞ்சின் வைத்த அந்தக் கார்தான் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். போர்ஷே காரின் பின்பாரம் அங்கிருந்து வந்த பரம்பரைச் சொத்து.

இந்த இடத்தை உங்கள் மகன் தாண்டிப் போக விடாதீர்கள். அந்த அலுவலகத்தைத் தொடங்கியபோது பணம் போட்ட பங்குதாரர்களில் ஒருவர் அடால்ஃப் ரோசன்பெர்கர். நல்ல பந்தய ஓட்டுநர், யூதர். 1935-ல் அவருடைய பங்கை அற்ப விலைக்கு வாங்கி வெளியே அனுப்பினார்கள். அதே வருடம் அவரைக் கைது செய்து நாஜிகளின் கிஸ்லாவ் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பிறகு அவர் நாட்டைவிட்டே போய் அமெரிக்காவில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். போர்க் காலத்தில் அந்த நிறுவனம் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயும் போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறையிலிருந்து 1947-ல்தான் விடுதலையானார். ஒரு பொருளை நேசிக்கிற பிள்ளை அதன் அழுக்கையும் தெரிந்துகொண்டு நேசிக்கட்டும். ரோசன்பெர்கரின் பெயர் தெரியாமல் அந்த முத்திரையைச் சுவரில் ஒட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்பா சிறையில் இருக்க, மகன் ஃபெரி போர்ஷே ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய மர அறுப்பு ஆலையில் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து போர்க் காலத்திலேயே அங்கே இடம் மாறியிருந்தார்கள். போர்ஷே என்ற பெயரோடு முதல் கார், 356, 1948 ஜூனில் அங்கேதான் ரோட்டுக்கு வந்தது. பீட்டிலின் எஞ்சின், வெறும் 35 குதிரைசக்தி. இங்கே உங்கள் கணவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தக் கார்களுக்குப் பாடி அச்சடிக்க இயந்திரம் கிடையாது. மரத்தில் காரின் உருவத்தைச் செய்து, அதன் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பாடி கட்டினார்கள். அப்படி அந்த ஊரில் கட்டியது ஐம்பது கார் சொச்சம்தான். உங்கள் மகன் ஆசைப்படுகிற அந்தப் பெயர் ஒரு பட்டறையில் சுத்தியல் சத்தத்தில் பிறந்தது. அவனுக்கு அது தெரியுமோ என்னவோ, அவன் அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

1950-ல் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பினார்கள். மறு வருடமே பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 356 தன் பிரிவில் வென்றது. 1963-ல் ஃபெரியின் மகன் வரைந்த புதுக் காரை 901 என்ற பெயரில் காட்டினார்கள். நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்க எண் பிரான்சில் எங்களுக்குச் சொந்தம் என்று பூஜோ நிறுவனம் மறுப்புச் சொல்ல, பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். 911 என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

சில வருடம் முன்பு கோவையில் ஒரு நண்பரின் பட்டறைக்குப் பழைய 911 ஒன்று வந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். எதிரே வரிசையாக ஐந்து வட்ட மீட்டர்கள். நடுவில் பெரிதாக இருப்பது வேகம் காட்டுவது இல்லை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. சாவித் துளை கதவுப் பக்கம். பின்மூடியைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு விசிறி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றாலும் ஆயிலாலும்தான் சூடு தணிய வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக சிலிண்டர்கள் படுத்திருக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் நாம் கை தட்டுவது போலச் சேர்ந்து வெளியே போய்ச் சேர்ந்து உள்ளே வரும், அதனால் ஒன்றின் அதிர்வை மற்றது அடக்கிவிடும். ஸ்டார்ட் செய்தபோது முதலில் தகரம் உதறுகிற மாதிரி வறண்ட ஒரு சத்தம். சூடு ஏற ஏற அது இழைந்து ஒரே குரலாகியது. உங்கள் மகன் ராத்திரி ஹெட்போனில் கேட்பது அநேகமாக அதைத்தான். தொண்ணூறுகளின் கடைசியில் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் சத்தக் கட்டுப்பாட்டுக்காகவும் தண்ணீர்க் குளிர்விப்புக்கு மாறியபோது ரசிகர்கள் துக்கம் அனுசரிக்காத குறைதான்.

இன்னொன்றையும் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டும். 1969-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் வயிற்றுப் பேரன் ஃபெர்டினாண்ட் பியெஷ் பொறுப்பில் 917 என்ற பந்தயக் காரைச் செய்தார்கள். விதிப்படி 25 கார் கட்டியாக வேண்டும் என்றார்கள். இருபத்தைந்தையும் கட்டி வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அலுமினியக் குழாய்களை வெல்டு செய்து கட்டிய அதன் ஃபிரேமின் எடை 42 கிலோதான், ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவு. அவ்வளவு மெல்லிய குழாயில் வெல்டிங் விட்டால் ஓட்டுகிறவர் உயிர் போகும். அதனால் குழாய்களுக்குள் வாயுவை அடைத்து ஒரு மீட்டரைப் பொருத்தினார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கேயோ விரிசல் என்று அர்த்தம். கியர் தண்டின் குமிழைக்கூட எடை குறைக்க மரத்தில் கடைந்து வைத்தார்கள்.

1969 லெ மானில் ஹான்ஸ் ஹெர்மன் என்ற ஓட்டுநர் இன்னொருவரோடு மாறி மாறி 24 மணி நேரம் ஓட்டி நூற்றுச் சொச்சம் மீட்டரில் வெற்றியை ஒரு ஃபோர்டு காரிடம் இழந்தார். அவர் ஓட்டியதும் போர்ஷேதான், 908. மறு வருடம் கொட்டுகிற மழையில் ரிச்சர்ட் அட்வுட் என்பவரோடு சேர்ந்து 917-ஐ ஓட்டி போர்ஷேவுக்கு முதல் முழு வெற்றியை வாங்கிக் கொடுத்தார். ஜெயித்தால் பந்தயத்தை விட்டுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். ஜெயித்தார், விட்டுவிட்டார். லெ மானில் இதுவரை 19 முறை முதலிடம் பிடித்த நிறுவனம் இது. அந்தப் பத்தொன்பதில் எனக்கு நெருக்கமானது இந்த ஒன்றுதான்.

பின்பாரத்தைக் கைவிடப் பார்த்த காலமும் உண்டு. எழுபதுகளில் 911 பழையதாகிவிட்டது என்று முடிவு செய்து, முன்னால் எஞ்சின் வைத்த 928-ஐ அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1981-ல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், தலைமைப் பொறியாளர் ஹெல்முத் பாட் அறைக்குப் போனார். சுவரில் ஒரு வரைபடம். மற்ற கார்களின் கோடுகள் நீண்டு போக, 911-இன் கோடு அந்த வருடத்தோடு நின்றிருந்தது. ஷுட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை இழுத்தார். காகிதம் முடிந்தது, சுவரிலும் இழுத்துக்கொண்டே போனார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2017 மே மாதம் பத்து லட்சமாவது 911 வெளியே வந்தது.

நடுவில் தொண்ணூறுகளில் நொடித்துப்போகும் நிலை வந்தது, ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்து ஆலையைத் திருத்தியது, பாக்ஸ்டர், கயென் என்ற மாடல்கள் விற்றுப் பணம் வந்தது, ஃபோக்ஸ்வாகனை விழுங்கப் போய்க் கடைசியில் அதன் குடைக்குள் போனது எல்லாம் உண்டு. மகனைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வான்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

அவன் மயங்கியிருப்பது விலையில் இல்லை என்று நான் நம்புகிறேன். விலையில் மயங்கிய பிள்ளை எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். சோதித்துப் பார்க்க வேண்டுமானால், "எஞ்சினை ஏன்டா பின்னால வச்சிருக்கான், பின்பாரம் ஆகாதா?" என்று கேளுங்கள். பதிலில் எடையும் பிடியும் வந்தால் அவன் இன்ஜினியரிங் படிக்க வேண்டிய பிள்ளை. விலையும் வேகமும் மட்டும் வந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் கூடாது என்பதில் மட்டும் நான் உங்கள் கணவர் பக்கம். பரீட்சை முடிகிற வரை அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

படிப்புக்கு இங்கேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. இரண்டிலும் ஆட்டோமொபைல் உண்டு. ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகட்டும். ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் ஊர் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். தங்கும் செலவு தனி, அதுதான் பெரிது. ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்கினால் நல்லது.

அப்பாவும் மகனும் பேசுவதற்கு ஒரு வழி தோன்றுகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்று ஒரு போட்டி நடக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே ஃபிரேம் கட்டி, வெல்டு செய்து, கார் செய்து கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு காரையும் அக்குவேறு ஆணிவேறாகச் சோதிப்பார்கள். தேதியும் பார்வையாளர் அனுமதியும் விசாரித்துக்கொண்டு மூன்று பேருமாகப் போங்கள். பட்டறை ஒருநாள் மூடியிருக்கட்டும். அந்தக் குழாய் ஃபிரேம்களைக் கண்டால் உங்கள் கணவர் குனிந்து வெல்டிங்கைப் பார்க்காமல் இருக்க மாட்டார். "இந்த இடம் விட்டுடும்" என்று ஏதாவது சொல்வார். பக்கத்தில் மகன் நிற்கட்டும். நீங்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நிழலில் உட்காருங்கள்.