பள்ளி டைரிக்கு 100 பக்கம் கேட்டால் அச்சகத்தில் ஏன் 96 அல்லது 112 என்கிறார்கள்?

எல்லாம் ஃபாரம் கணக்கு. ஒரு பெரிய தாளின் இரு புறமும் அச்சடித்து மூன்று தடவை மடித்தால் 8 இதழ், அதாவது 16 பக்கம் வரும், அதுதான் ஒரு ஃபாரம். அப்படிப் பல ஃபாரங்களைச் சேர்த்துத் தைத்தால் டைரி. செய்தித்தாளில் ஒரு பக்கத்தை உருவினால் மறுபாதியும் கூடவே வருமே, அதே மாதிரி இங்கேயும் பக்கம் தனியாக வராது. அதனால் 6 ஃபாரம் என்றால் 96 பக்கம், 7 ஃபாரம் என்றால் 112. (8 பக்க அரை ஃபாரமும் சேர்க்கலாம், அப்போது 104 வரும்.)

வேலூர், காட்பாடிப் பள்ளிகள் தாராளமாக 112 எடுக்கலாம். கூடுதல் பக்கங்களில் 1806 ஜூலை 10 கோட்டைப் புரட்சி பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள், அப்புறம் பெற்றோர் கையெழுத்துக்குப் பெரிய கட்டம் கட்டாயம் விடுங்கள், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடும் பாட்டிகளுக்குச் சின்னக் கட்டம் உண்மையிலேயே கஷ்டம்.

அச்சகம் பக்கத்தை நம் தலையில் கட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 100 பக்கமே அடித்தாலும் மிச்சத் தாள் கழிவாகப் போகும், அதற்கும் காசு நம்முடையதுதான்.