நாட்டுத் தக்காளிக்கென்று கடலூர், பாண்டிப் பக்கம் விழாவோ சந்தையோ நடக்கிறதா? போனால் என்ன கிடைக்கும்?

ஊர்ப் பெயரோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதில் எழுதத் துணிந்தேன். நான் இருப்பது திருப்பாப்புலியூரில். பெயர்ப்பலகையில்தான் அது திருப்பாதிரிப்புலியூர். மாடியில் பத்து வருடமாகத் தக்காளி வைக்கிறேன். அதில் முதல் நாலு வருடம் அணிலுக்காக வைத்தேன் என்று சொல்வதுதான் நேர்மை.

நம் மாவட்டத்தில் பலாவுக்குப் பண்ருட்டி இருக்கிறது, கத்தரிக்குப் பாலூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தக்காளிக்கு அப்படி ஒரு ஊர் இல்லை. பந்தல் போட்டு, மைக் கட்டி நடக்கும் தக்காளி விழா எதற்கும் இந்தப் பக்கத்தில் நான் போனதில்லை. பாண்டித் தாவரவியல் பூங்காவில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் மலர், காய், கனிக் கண்காட்சிக்குப் போயிருக்கிறேன். குழந்தைகளைக் கூட்டிப்போக நல்ல இடம், தக்காளியும் தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும். ஆனால் அது கண்ணுக்கான விருந்து. கடித்துப் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

விதை மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஆரோவில்லில் பெப்பிள் கார்டன் தெரிந்திருக்கும். மண் அரித்துப்போன செம்மண் தரிசை தீபிகா குந்தாஜியும் பெர்னார்ட் டெக்ளெர்க்கும் மெல்ல மெல்லத் தோட்டமாக்கி, பழைய காய்கறி ரகங்களின் விதையைக் காப்பாற்றி வைத்தார்கள். விதை என்பது கடையில் வாங்கும் பொட்டலம் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்ததே அந்த இடத்தைப் பற்றிப் படித்த பிறகுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒன்று நடக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. என் மாமியார் ‘தக்காளிக் கூட்டம்’ என்பார், அதுவே நிலைத்துவிட்டது. 2019ல் ஐந்து வீட்டுக்காரர்கள் எங்கள் மொட்டை மாடியில் கூடினோம். கொரோனாவில் ஒரு வருடம் விட்டுப்போனது. இப்போது முப்பது பேர் வரை வருகிறார்கள். நெல்லிக்குப்பம், பாகூர், அரியாங்குப்பம் என்று பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு.

எப்போதும் பிப்ரவரி கடைசி ஞாயிறு. காரணம் எங்கள் வசதி இல்லை, தக்காளியின் வசதி. இரவில் சூடு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சாகாமல் காம்போடு உதிர்ந்துவிடும். நம் கடலோரத்தில் இரவு கொஞ்சம் குளிர்வது டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான். அதற்கு முன்னால் மழை, பின்னால் வெயில். அக்டோபர் கடைசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்ததும் டிசம்பர் முதல் வாரம் நட்டால், பிப்ரவரியில் பழுக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது ஆளாளுக்கு என்னிடம் நாற்று கேட்டார்கள். ஜூலை அனலில் வேண்டாம், பொறுங்கள் என்றேன். விலை இறங்கியது, கேட்டவர்களைக் காணோம்.

கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒவ்வொரு வீட்டுத் தக்காளியும் ஒரு எவர்சில்வர் தட்டில், முன்னால் ஒரு முழுப் பழம், பின்னால் நறுக்கிய துண்டுகள். முதலில் வெறுமனே ஒரு துண்டு, அப்புறம் உப்பு தொட்டு ஒரு துண்டு. இதெல்லாம் வெளிநாட்டில் செய்வதைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்ட முறை. கலிபோர்னியாவின் கார்மெல் பக்கம் கேரி இப்சன் என்பவர் 1990களில் வீட்டுப் பின்பக்கம் நண்பர்களைக் கூப்பிட்டு ஆரம்பித்த தக்காளி விருந்து, வளர்ந்து வளர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பழைய ரகங்களை வைத்துச் சுவை பார்க்கும் விழாவாகப் பல வருடம் நடந்ததாம். அவர்களைப் போல நாங்களும் நறுக்கி வைத்தோம். முதல் வருடமே எங்கள் தெரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா மூன்று தட்டு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஏம்மா, தக்காளியப் பச்சையா தின்னுட்டு மார்க் போட நாம என்ன அணிலா? ரசம் வையுங்க, சொல்றேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாம் தக்காளியைப் பழமாகவா சாப்பிடுகிறோம்? அடுத்த வருடத்திலிருந்து அடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சின்னப் பாத்திரம், அதே மிளகு சீரகம், அதே அளவு தண்ணீர், புளி கூடாது. புளி இல்லாமல் ரசம் நிற்கிறதா என்பதுதான் சோதனை. கண்ணைக் கட்டாத குறையாக, பாத்திரத்தின் அடியில் மட்டும் எண் எழுதி வைப்போம். பார்க்க எடுப்பான பெரிய பழங்கள் பல இந்த இடத்தில்தான் மண்ணைக் கவ்வும். இனிப்பாக இருக்கும், வெந்நீரில் சர்க்கரை போட்டது மாதிரி. சப்பையாக, காம்பைச் சுற்றிய தோளில் வரி வரியாக, தோல் மெல்லிசாக இருக்கும் பழம் வைத்த ரசத்தின் முன்னால்தான் வரிசை நிற்கும்.

அந்தத் தோள் விஷயம் சுவையானது. காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து, ஒரே சீராகச் சிவக்கும் செடிகளையே பல பத்தாண்டுகளாகப் பொறுக்கியெடுத்து வந்தார்கள். பறிக்கவும் விற்கவும் அதுதான் வசதி. 2012ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அப்படிப் பொறுக்கியதில் ஒரு மரபணு முடங்கிப்போனதைக் காட்டியது. காம்பைச் சுற்றிக் கரும்பச்சை தருவது அந்த மரபணுதான், காயிலேயே கொஞ்சம் சர்க்கரை தயாராக உதவுவதும் அதுதான். மார்க்கெட்டில் பச்சைத்தோள் தக்காளியை ‘பழுக்காதது’ என்று ஒதுக்குகிறோமே, ஒதுக்குவது ருசியையும் சேர்த்துத்தான்.

ஒவ்வொரு வருடமும் ஒரு சண்டையும் நடக்கும். எது நாட்டுத் தக்காளி? கடையில் ‘நாட்டு’, ‘பெங்களூர்’ என்று இரண்டு குவியல் இருக்கும். அங்கே நாட்டு என்றால் புளிப்பானது, ரசத்துக்கு ஏற்றது என்றுதான் பொருள். அதன் விதையைப் போட்டால் அதே பழம் வரும் என்று பொருள் இல்லை. நாட்டுக் குவியலில் இருப்பதும் ஒட்டுரகமாக, அதாவது ஹைபிரிட்டாக இருக்கலாம். வீட்டில் விதை எடுத்துப் போட்டு, ஒரு செடியில் உருண்டை, பக்கத்துச் செடியில் நீளம் என்று வந்து நின்ற அனுபவம் எங்களில் பாதிப் பேருக்கு உண்டு.

கறாரான ஆட்கள் பி.கே.எம். 1 என்ற ரகத்தையே கூட்டத்துக்குள் விடக்கூடாது என்பார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வந்தது, எனவே நாட்டு ரகம் இல்லையாம். ஆனால் அதன் தாய் பெரியகுளம் பக்கத்து அன்னஞ்சி ஊர்த் தக்காளி. அதில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றம், உண்டாக்கித் தேர்ந்தெடுத்ததுதான் பி.கே.எம். 1. விதை எடுத்துப் போட்டால் அதே பழம், அதே பச்சைத்தோள் திரும்ப வருகிறது. எனக்கு அது போதும். வெளிநாட்டுப் பாரம்பரிய ரகங்கள் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்தா விழுந்தன? அமெரிக்காவில் சார்லி பைல்ஸ் என்ற மெக்கானிக் ஆறு வருடம் கலப்பு செய்து ஒரு பெரிய தக்காளியை நிலைப்படுத்தினார். 1940களில் அதன் நாற்றை ஒன்று ஒரு டாலர் என்று விற்று, ஆறே வருடத்தில் ஆறாயிரம் டாலர் வீட்டுக் கடனை அடைத்தார். ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’, அதாவது அடமானத்தை மீட்டது என்றே அதற்குப் பெயர். இன்றைக்கு அதைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறார்கள். அட, தக்காளியே போர்த்துக்கீசியர் கொண்டு வந்ததுதானே. நம் பழைய தக்காளி மணத்தக்காளிதான், இதைச் சீமைத் தக்காளி என்று சொன்ன தலைமுறை எங்கள் தெருவிலேயே இருந்தது.

வெளிநாட்டு ரகங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கறுப்புத் தக்காளி விதை என்று வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். மூன்று மாதம் பிள்ளை மாதிரி வளர்த்ததில் வந்தது சாதாரணச் சிவப்புச் செர்ரி. இன்னொரு முறை என் தம்பி பெங்களூரிலிருந்து நம்பகமான இடத்து விதை வாங்கித் தந்தான், பிராண்டிவைன். உருளைக்கிழங்குச் செடி மாதிரி இலை, அசல்தான். ஆனால் நட்டு எண்பது, தொண்ணூறு நாள் ஆகும் ரகம் அது. பழுக்கிற நேரத்துக்கு நம்மூரில் வெயில் வந்துவிடுகிறது. பிடித்தது இரண்டே காய். ஒன்று அணிலுக்கு. மற்றதைப் பதினாலு பேர் பங்குபோட்டோம். ருசி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பெங்களூர்க்காரர்கள் வைக்கட்டும்.

என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள் அல்லவா? விதை கிடைக்கும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஐயா வைத்த வழக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள், இரண்டு கிலோ விதைநெல் வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதை அப்படியே தக்காளிக்குச் சுருக்கிக்கொண்டோம். இருபது விதை எடுத்தால் நாற்பது தர வேண்டும். நோட்டில் பெயர் எழுதுவோம். பாதிப் பேர் தருவதில்லை. அதற்காக யாரையும் கேட்பதும் இல்லை.

தக்காளி தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் செடி என்பதால் மாடியில் நாலு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் விதை கலக்காது. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்புதான் முளைப்பைத் தடுத்து வைத்திருக்கிறது, புளித்ததும் அது கரைந்துவிடும். அப்புறம் அலசி நிழலில் உலர்த்தலாம். ஒருமுறை மறந்துபோய் ஐந்து நாள் விட்டேன், டம்ளருக்குள்ளேயே முளை வந்துவிட்டது. மாமியார் இந்த வேலையெல்லாம் செய்யமாட்டார். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் பழத்தைத் தேய்த்து நிழலில் காயவைப்பார். விதை தாளோடு ஒட்டிக்கொள்ளும். விதைக்கும்போது தாளோடு கிழித்து மண்ணில் வைத்தால் ஆயிற்று. தேதி தாளிலேயே இருக்கிறது, கூடவே ராசிபலனும்.

அவர் பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து அப்படித் தாளில் வந்ததுதான் எங்கள் வீட்டுத் தக்காளி. பெயர் ஒன்றும் கிடையாது. அதைத்தான் 2024ல் தொலைத்தேன். நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல். நடுவதற்குத் தயாராக இருந்த நாற்றுத் தட்டுகள் காற்றில் போயின. அது பரவாயில்லை, மறுபடி விதைக்கலாம். விதைத் தாள்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு மாடி ஷெட்டிலேயே வைத்திருந்தேன். ஷெட்டின் தகடு பெயர்ந்து, டப்பாவில் தண்ணீர் புகுந்து, நாலாம் நாள் திறந்தபோது எல்லாம் பூஞ்சை. கீழே பீரோவில் வைக்க எனக்கு என்ன கேடு? மாமியாரிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்னபோது அவர் “சரி, விடு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

2025 பிப்ரவரிக் கூட்டத்துக்குத் தட்டு வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நெல்லிக்குப்பத்தில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து இருபது விதை எடுத்துப் போனவர், மறுபடி வந்தார். பையிலிருந்து நாலாக மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். 2024 மார்ச் தேதி, விதை ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தக்காளிதான். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் எதிரிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார்.

“முப்பத்தெட்டு இருக்கும்மா. ரெண்டு எலி தின்னுடுச்சு. அடுத்த தடவ தந்துடறேன், நோட்டுல பேர அடிச்சுடாத.”

நோட்டை மாமியார் வாங்கி, பெயரை அடிக்காமலே மூடிவைத்தார். அக்டோபரில் விதைத்ததில் 31 முளைத்தன. அந்த இரண்டு விதை இன்னும் வரவில்லை.