கேலப் லவ், விட்டுச்சென்றவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறோம். வீட்டில் எல்லோரும் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ரசிகர்கள். கேலப் லவ் 2023-இல் அணியை விட்டுப் போனதைப் பற்றி எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இன்றும் பேச்செடுத்தால் சண்டைதான். பரம எதிரியான ட்யூக் பல்கலைக்கழகத்தை வீழ்த்தித் தந்தவர் என்று பாதிப்பேர், அணியைக் கெடுத்துவிட்டுக் கிளம்பியவர் என்று மீதிப்பேர். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. ஒரே ஆள்மீது இப்படி இரண்டு எண்ணம் வைத்திருப்பது சரிதானா? கல்லூரி மாற வழிவிடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு ஒரு கல்லூரி ஆட்டக்காரர்மேல் பற்று வைப்பதில் பொருளுண்டா? இன்னொன்று: பள்ளி அணியில் கார்டாக (வெளிவட்டத்திலிருந்து பந்தை நடத்துபவராக) ஆடும் என் மகன் லவ்வின் ஆட்டங்களைப் பார்த்துக் கற்க ஆசைப்படுகிறான். எதைப் பார்க்கச் சொல்வது?

ச.,
கேரி

அன்புள்ள ச.,

சரிதான். உங்கள் இரண்டு எண்ணங்களும் லவ்வின் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை. எறியத் தயங்காதவர் அவர். முந்தைய ஐந்து எறிதலும் தவறியிருந்தாலும் ஆறாவதை அதே தெம்போடு எறிவார். உங்களுக்கு மகிழ்ச்சி தந்ததும் வயிற்றெரிச்சல் தந்ததும் அதுவே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கழித்துவிட முடியாது.

2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். அரையிறுதி. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியப் போட்டித்தொடரில் ட்யூக்கும் நார்த் கரோலினாவும் மோதிய முதல் ஆட்டம் அது. ட்யூக் தோற்றால் அதன் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் பயிற்சி வாழ்க்கை அன்றோடு முடிகிறது. ட்யூக்கின் மார்க் வில்லியம்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (தடுப்பாரில்லாமல் எறியும் வாய்ப்பு) தவறவிட்டார். நார்த் கரோலினா 75-74 என்று ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய 25 வினாடி இருக்கையில், எதிரே நிற்கும் அதே ஏழடி வில்லியம்ஸின் கைக்கு மேலாக லவ் மூன்று புள்ளி எறிகிறார். 78-74. கடைசியில் 81-77. அன்று லவ் எடுத்தது 28 புள்ளி. பயிற்சிக் கையேட்டின்படி அது நல்ல எறிதலில்லை. எதிராளி உயரம், பந்து வேறொருவர் கையிலிருந்து வரவில்லை, முன்னிலையும் நம்மிடம். பத்தில் ஏழு கார்டுகள் அங்கே பந்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டு நாள் கழித்து கான்ஸஸ் அணியோடு இறுதியாட்டம். இடைவேளையில் நார்த் கரோலினா 40-25 என்று முன்னால். பதினைந்து புள்ளி முன்னிலை கரைந்து 72-69 என்று தோற்றார்கள். லவ் 24 முறை எறிந்து 5 தான் விழுந்தது. ஆட்டத்தைச் சமன்செய்ய வேண்டிய கடைசி மூன்று புள்ளியும் அவர் கையிலிருந்தே போய்த் தவறியது. உங்கள் நண்பர்களில் ஒரு சாரார் முதல் ஆட்டத்திலும் மறுசாரார் இரண்டாம் ஆட்டத்திலும் நின்றுவிட்டார்கள்.

அந்த 24-ஐ லவ்வின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அந்த ஆண்டு பயிற்சியாளர் ஹூபர்ட் டேவிஸ் ஏறத்தாழ ஐந்தே பேரை வைத்துத் தொடரை ஓட்டினார்: லவ், ஆர்ஜே டேவிஸ், லீக்கி பிளாக், பிரேடி மானெக், அர்மாண்டோ பேகாட். ‘இரும்பு ஐவர்’ என்று ரசிகர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பெருமைக்குரியதுதான். ஆனால் கால் சோர்ந்தால் முதலில் கெடுவது எறிதல்தான். பந்துக்கு விசை முழங்காலிலிருந்து வருகிறது. கால் சோர்ந்தவர் அந்தக் குறையைக் கையால் ஈடுகட்டப் பார்ப்பார். பந்து தாழ்வாகப் போய்க் கூடையின் முன்விளிம்பில் இடிக்கும். பேகாட்டுக்கோ கணுக்கால் ஏற்கெனவே வலி, கடைசி நிமிடத்தில் மறுபடி பிசகிவிட்டது.

உங்கள் நண்பர்களின் உண்மையான கோபம் அடுத்த பருவத்தின்மேல். 2022-23 தொடங்கும்போது நார்த் கரோலினா நாட்டின் முதலிடத்தில் வைக்கப்பட்ட அணி. முடியும்போது 20 வெற்றி, 13 தோல்வி. என்சிஏஏ தொடருக்கு அழைப்பே வரவில்லை. 1985-இல் தொடர் 64 அணிகளாக விரிந்தபின், முதலிடத்தில் தொடங்கிய அணி ஒன்று அழைப்பில்லாமல் போனது அதுவே முதல்முறை. அழைப்புக் கிடைக்காத அணிகள் ஆடும் என்ஐடி தொடரில் ஆடவும் அணி மறுத்துவிட்டது. இந்த வீழ்ச்சிக்கு லவ்வின் பெயரை எழுதிவிடுவது எளிது. அவர் சராசரியாக 16 புள்ளிக்கு மேல் எடுத்தார், ஆனால் மூன்று புள்ளி எறிதலில் விழுந்தது 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

அந்த எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 30 சதவீதம் விழும் மூன்று புள்ளி எறிதல், ஒரு எறிதலுக்கு 0.9 புள்ளி தருகிறது. 45 சதவீதம் விழும் இரண்டு புள்ளி எறிதலும் அதே 0.9 தான். கூடைக்கடியில் பேகாட் போன்ற ஒருவர் நிற்கும்போது அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்கவேண்டும். ஆட்டத்துக்கு ஏழு முறைக்கு மேல் 0.9-ஐத் தேர்ந்தெடுத்தால் அணி மெல்ல மெல்லக் கசியும்.

ஏன் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தைய ஆண்டு முன்கள ஆட்டக்காரராக ஆடிய மானெக் மூன்று புள்ளியில் 40 சதவீதம் எறிந்தவர். அவரைக் காக்கிறவன் அவரை விட்டு இரண்டடி நகரமுடியாது. பேகாட் ஸ்க்ரீன் வைத்துவிட்டு (லவ்வைக் காப்பவனை உடலால் மறித்துவிட்டு) கூடைக்கு உருளும்போது நடுப்பகுதி காலியாக இருக்கும், லவ் உள்ளே புகுவார், அல்லது வெளியே பந்து கொடுப்பார். மானெக் படிப்பு முடிந்து போனபின் அந்த இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வந்தார். அங்கே நன்றாக எறிந்தவர்தான், இங்கே அந்த அளவுக்கு விழவில்லை. லீக்கி பிளாக் தடுப்பில் உயர்ந்தவர், தூர எறிதலில் எதிரணியை அச்சுறுத்துகிறவரில்லை. எனவே எதிரணியின் இரண்டு பேர் துணிந்து கூடைக்கடியில் ஒதுங்கினார்கள். ஸ்க்ரீனைச் சுற்றி வரும் லவ்வுக்கு முன்னால் மூன்று உடல்கள். எறிந்தாகவேண்டிய கெடுவைக் காட்டும் 30 வினாடி ஷாட் கிளாக் ஏழு, ஆறு என்று இறங்கும்போது பந்து மறுபடி அவர் கைக்கே வரும். நின்று பந்தை வாங்கி எறிவதும் தட்டிக்கொண்டே வந்து சட்டென்று எழும்பி எறிவதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவது மிகக் கடினம், அவருக்கு அந்த ஆண்டு வாய்த்தது பெரும்பாலும் இரண்டாவது. எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துப்போட்டுக்கொண்டு அவர் ஆடியிருக்கக்கூடாது என்பது என் கருத்து. இரண்டு தட்டு தட்டிப் பந்தை ஆர்ஜே டேவிஸுக்குக் கொடுத்திருந்தால் நான்கைந்து தோல்விகளாவது திரும்பியிருக்கும். அவர்மேல் அந்தக் குறையுண்டு. ஆனால் அணியை அமைத்தவர்கள் விட்ட ஓட்டையை அவர் தனியாகச் சுமந்தார் என்பதும் உண்மை.

இப்போது போர்ட்டலுக்கு வருகிறேன். அது 2018 அக்டோபரில் வந்த ஒரு பெயர்ப்பதிவேடு. மாற விரும்பும் ஆட்டக்காரர் தன் கல்லூரியின் விதிப்பிரிவு அலுவலகத்துக்கு எழுதித் தருவார். இரண்டு வேலைநாளுக்குள் அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியாகவேண்டும். ஏறியபின் மற்றக் கல்லூரிகள் அவரோடு பேசலாம். பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம், ஆகவே பெயர் கொடுப்பது ஆட்டக்காரருக்கும் ஆபத்தில்லாத காரியமில்லை. முன்பெல்லாம் மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்காரவேண்டும். 2021 ஏப்ரலில் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்று ஆயிற்று. அதே ஆண்டு ஜூலையில் தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமை வந்தது. 2024-இல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது.

லவ் 2023 மார்ச் கடைசியில் பெயர் கொடுத்தார். முதலில் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தார். சேர்க்கைச் சிக்கலால் அது கைகூடவில்லை, மே மாதம் அரிசோனாவுக்குப் போனார். உங்கள் நண்பர்கள் சிலர் இதைத் தடுமாற்றம் என்று எள்ளியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டு முடித்தவர்கள் மாறும்போது சிக்கல் எங்கே வருகிறது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். அப்போதைய என்சிஏஏ விதிப்படி நான்காம் ஆண்டு ஆட, பட்டப்படிப்பில் 60 சதவீதம் முடிந்திருக்கவேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு 40, ஐந்தாம் ஆண்டுக்கு 80. அந்தச் சதவீதம் புதிய கல்லூரியின் பட்டத்தை வைத்துக் கணக்கிடப்படும். பழைய கல்லூரியில் தேறிய பாடங்களில் சிலவற்றைப் புதிய கல்லூரி ஏற்கவில்லையென்றால் 70 சதவீதம் முடித்தவர்கூட 50-க்கு இறங்கிவிடுவார். கோடையில் எத்தனை பாடம் எடுத்தாலும் ஈடுகட்ட முடியாமல் போகலாம். பாடங்களைத் தாராளமாக ஏற்கும் கல்லூரி, கறாரான கல்லூரி என்று இரண்டு வகை உண்டு. ஆட்டக்காரரின் முடிவைப் பல சமயம் அதுவே தீர்மானிக்கிறது.

விட்டுப்போவதே துரோகம் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிரேடி மானெக் எங்கிருந்து வந்தார்? ஓக்லஹோமாவில் நான்காண்டு ஆடிவிட்டு, இதே வழியாக வந்தவர்தான். அங்கேயும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். லவ் போனபின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஹாரிசன் இங்க்ரமும் நோட்ர டேமிலிருந்து கார்மக் ரயனும் வந்தார்கள். 2023-24 அணியைக் கொண்டாடியபோது அந்தக் கதவை யாரும் சபிக்கவில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். முந்தைய பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் ஓய்வுபெற்ற 2021-இல், அவரை நம்பி வந்த வாக்கர் கெஸ்லர் ஆபர்னுக்கும் காரிசன் புரூக்ஸ் மிஸிசிப்பி ஸ்டேட்டுக்கும் போனார்கள். லவ்வும் அதே வில்லியம்ஸ் செயின்ட் லூயிஸிலிருந்து அழைத்துவந்தவர்தான். முதலாண்டு 32 சதவீதத்துக்கும் கீழே எறிந்து திட்டுவாங்கியவர். போயிருக்கலாம், போகவில்லை. நின்றதால்தான் நியூ ஆர்லியன்ஸ்.

பிரிவு இரண்டு பக்கமும் நல்லதே செய்தது. பந்து ஆர்ஜே டேவிஸ் கைக்கு வந்தது. 2023-24-இல் அவர் நார்த் கரோலினா ஆடும் ஏசிசி லீகின் சிறந்த ஆட்டக்காரர், அணி அந்த லீகில் முதலிடம். அரிசோனாவில் பயிற்சியாளர் டாமி லாய்டின் கீழ் லவ் அவர்களுடைய பேக்-12 லீகின் சிறந்த ஆட்டக்காரர். ஒரே அணியில் பந்துக்காக முட்டிக்கொண்ட இருவரும் ஒரே ஆண்டில் தத்தம் லீகின் முதல்வர்கள். அதே ஆண்டு நவம்பரில் அரிசோனா ட்யூக்கின் அரங்கிலேயே 78-73 என்று வென்றது, நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லிலும் கைதட்டினார்கள்.

பிறகு 2024 மார்ச் 28. இரண்டு அணிகளும் என்சிஏஏ தொடரின் மேற்கு மண்டலத்தில், ஒரே இரவில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரே அரங்கில். இருவரும் வென்றால் அடுத்த ஆட்டத்தில் நேருக்கு நேர். அரிசோனா கிளெம்சனிடம் 77-72, நார்த் கரோலினா அலபாமாவிடம் 89-87 என்று தோற்றன. லவ் மூன்று புள்ளியில் 9-க்கு 0. டேவிஸும் 9-க்கு 0. லவ்வின் எறிதலை மட்டும் குணக்கேடு என்று சொல்பவர்கள், எல்லோரும் நேசிக்கும் டேவிஸின் அந்த இரவையும் அதே தராசில் வைக்கவேண்டும். டேவிஸை அன்று யாரும் ‘அணியைக் கெடுத்தவர்’ என்று சொல்லவில்லை. சொல்லாதது சரி. லவ்வுக்கும் அதே நீதி வேண்டும் என்கிறேன்.

பற்று வைப்பதில் பொருளுண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் நான்காண்டு ஒப்பந்தம்போல அதை எண்ணவேண்டாம். ஒரு பருவம் ஒருவர் உங்கள் அணிக்காக ஓடினார் என்றால் அந்தப் பருவம் முழுதாக உங்களுடையது, போனதால் அது திரும்பப் பெறப்படுவதில்லை. வருத்தமும் இருக்கட்டும், கான்ஸஸ் ஆட்டத்தை நினைத்தால் எவருக்கும் வலிக்கும். அந்த வருத்தத்தை ஆட்டக்காரரின் கைப்பேசிக்கு அனுப்பாதீர்கள், அனுப்பும் நண்பரையும் தடுங்கள். இருபது வயதுப் பிள்ளைகள், எல்லாவற்றையும் படிக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு மூன்று ஆட்டங்கள். முதலில் 2022 மார்ச் 25, யூசிஎல்ஏவுக்கு எதிரான இரண்டாம் பாதி. லவ் எடுத்த 30 புள்ளிகளில் 27 அந்தப் பாதியில் வந்தவை. பந்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்: பந்து கைக்கு வருமுன்னே பாதங்கள் தயாராக இருக்கின்றனவா, இடுப்பு தாழ்ந்திருக்கிறதா என்று. அடுத்து கான்ஸஸ் ஆட்டத்தின் இரண்டாம் பாதி. தவறிய ஒவ்வொன்றும் முன்விளிம்பிலா, பின்விளிம்பிலா, பக்கவாட்டிலா என்று தாளில் குறிக்கட்டும். மூன்றாவது 2025-இல் ட்யூக்கிடம் 100-93 என்று அரிசோனா தோற்ற ஆட்டம். தோற்ற அணியில் லவ் 35 புள்ளி எடுத்தார். எந்த எறிதலுக்கு முன் எத்தனை தட்டு தட்டினார் என்று எண்ணச் சொல்லுங்கள்.

பிறகு மைதானத்தில் அவனுக்கும் அதே கணக்கு. மைதானத்தின் நீளத்தை இரண்டு முறை விரைந்து ஓடிவிட்டு உடனே ஐந்து எறிதல், இப்படிப் பத்துச் சுற்று. நின்று வாங்கி எறிந்தவை ஒரு பத்தியில், தட்டிக்கொண்டே வந்து எறிந்தவை இன்னொன்றில். ஓடாமல் எறிந்த நாளின் கணக்கை இதோடு கலக்கவேண்டாம், அது அழகாகத்தான் இருக்கும், ஆட்டத்தில் உதவாது. ஒரு மாதம் எழுதியபின் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டட்டும். இரண்டாம் பத்தி முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த எறிதலை அவன் எப்போது எடுக்கலாம், எப்போது பந்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.