பின்னிஷ் மொழியில் ‘பனி பெய்கிறது’ என்று எப்படிச் சொல்வது? அகராதியில் ‘லுமி’ என்றிருக்க, ஏன் எல்லோரும் ‘லுன்த்தா’ என்கிறார்கள்?

‘ஸத்தா லுன்த்தா’ என்றால் பனி பெய்கிறது. தமிழில் பெய்வது மழை, அதாவது எழுவாய் உண்டு. பின்னிஷில் இந்த வாக்கியத்துக்கு எழுவாயே கிடையாது. ‘ஸத்தா’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் மழை என்றே எடுத்துக்கொள்வார்கள். பனி என்றால் ‘லுன்த்தா’ சேர்க்க வேண்டும்.

லுமியின் பகுதி வேற்றுமை வடிவம்தான் லுன்த்தா. இவ்வளவு என்று அளவு சொல்லாத பொருளுக்கு அந்த வேற்றுமை வரும். தரையில் பனி கிடக்கிறது என்பதற்கும் ‘மாஸ்ஸா ஒன் லுன்த்தா’தான். ஆனால் கண்ணெதிரே கிடக்கும் அந்தப் பனி உருகுகிறது என்றால் ‘லுமி ஸுலா’. இந்த ஜோடியை மனப்பாடம் செய்துவிடுங்கள், வேற்றுமை தானாகப் பிடிபடும்.

மழையும் பனியும் கலந்து விழுந்தால் ‘ஸத்தா ரான்த்தா’. தரையில் சேறுபோல் நசநசக்கும் பனி ‘லோஸ்கா’. உருண்டை பிடிக்க வரும் ஈரப்பனி ‘நுவோஸ்கா’. குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

அப்புறம் குளிர். மைனஸ் 5 டிகிரியை ‘வீஸி அஸ்தெத்தா பக்கஸ்தா’ என்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழான குளிருக்கே ‘பக்கனென்’ என்று தனிப்பெயர் உண்டு. வெளியே கிளம்பும்போது யாராவது ‘ஒன் லியுக்கஸ்தா’ என்றால், தரை வழுக்குகிறது, பார்த்து நடங்கள்.